லிவர்மோரில் நொச்சி தேடிய கதை

சன் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 45 மைல் தூரத்தில், 580ஆம் இலக்க நெடுஞ்சாலையின் ஓரமாக லிவர்மோர் இருக்கிறது. டப்ளினையும் பிளசன்ரனையும் கடந்து வந்தால் பள்ளத்தாக்கு விரியும். கிழக்கே அல்ரமொன்ற் மலைச்சரிவுகளில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும். தெற்கே திராட்சைத் தோட்டங்கள். வென்ரே, கொன்கானன் என்ற இரண்டு பழைய தோட்டங்களும் 1883இல் தொடங்கப்பட்டவை. 1952இல் ஆரம்பித்த தேசிய ஆய்வுகூடத்தினாலும், 1901ஆம் ஆண்டிலிருந்து எரிந்துகொண்டிருக்கும் தீயணைப்பு நிலைய மின்குமிழினாலும் இவ்வூரை உலகம் அறியும். எம்மவர் அறிவது சிவா விஷ்ணு கோயிலினால். வட இந்திய, தென்னிந்தியக் கட்டடமுறைகள் இரண்டும் கலந்து, ஒரே வளவில் சிவனும் விஷ்ணுவும் வீற்றிருக்கும் இக்கோயிலுக்கு வாரக்கடைசியில் தூர இடங்களிலிருந்தும் சனம் வரும்.

கார் இல்லாத புதுக் குடும்பங்கள் பார்ட் ரயிலில் டப்ளின் பிளசன்ரன் வரை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வரலாம். எமது முதல் வருகையும் அப்படித்தான். பின்னர் வேலை காரணமாக இவ்வூரிலேயே ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். வீட்டின் பின்னால் கொஞ்சம் நிலமும், முன்பிருந்த யாரோ வைத்துவிட்டுப் போன எலுமிச்சை மரம் ஒன்றும் இருந்தன. அந்தத் துண்டு நிலத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

எங்களுக்கு ஊர் உரும்பிராய். செம்மண். 1995இல் வெளிக்கிட்டு வன்னிக்குப் போனோம். 2009இல் செட்டிகுளம் மனிக் முகாமில் எமது மூத்த மகள் பிறந்தாள். பவுசரில் தண்ணீர் வரும், வரிசையில் நிற்க வேண்டும், குடிக்கவும் சமைக்கவும் போக மிஞ்சினால்தான் குளிப்பு. பிள்ளை பெற்ற உடம்புக்கு இலை அவித்து நாலு வாளி தண்ணீர் வார்க்க அம்மாவால் முடியவில்லை. முகாமுக்குள் இலைக்கு எங்கே போவது, விறகுக்கு எங்கே போவது? ஒரு பழைய பால்மா ரின்னில் தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடாக்கி, அதில் துணியை நனைத்து முதுகைத் துடைத்துவிட்டார். அதைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் கதைத்ததில்லை. ஆனால் 2023இல் இரண்டாவது பிள்ளை வயிற்றிலிருக்கும் செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது, அம்மா கேட்ட முதற் கேள்வி, "அங்க நொச்சி இருக்கோ?" என்பதுதான்.

(நாம் என்று எழுதுகிறோமே தவிர, பிள்ளைப்பேறு எங்களில் ஒருவருக்குத்தான் என்பதையும் மற்றவர் பெரும்பாலும் சாமான் தூக்கினார் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.)

அம்மா வைகாசி மாதம் வந்து இறங்கினார். பெட்டிக்குள் கறிவேப்பிலை, காய்ந்த ஆடாதோடை, பாவட்டை, சுக்கு, மிளகு, மஞ்சள் எல்லாம் கட்டி வந்திருந்தார். கேட்ட கேள்விக்கு ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னபடியால் தண்டம் இல்லை. ஆயினும் இலைகள் எல்லாம் விமான நிலையத்துக் குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டன. சரக்குகள் தப்பி வந்தன. அம்மாவுக்குச் சரியான கோபம். ஆனால் இதில் ஞாயம் உண்டு. தோடை, எலுமிச்சை மரங்களைச் சாகடிக்கும் ஒரு நோயைக் காவித் திரியும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும். அப்பூச்சி 2008இல் கலிபோர்ணியாவுக்குள் வந்தது. நோய் 2012இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே ஊரிலிருந்து மட்டுமல்ல, தெற்குக் கலிபோர்ணியாவிலுள்ள சிநேகிதர் வீட்டிலிருந்தும் கறிவேப்பிலைக் கன்றைக் காரில் ஏற்றி வராதீர்கள். அனுமதி பெற்ற நாற்றுமேடையில் வாங்கி, சாடியில் வையுங்கள். மார்கழி, தை மாத இரவுகளில் இங்கே தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்குவதுண்டு. அப்போது சாடியை வீட்டுக்குள் தூக்கிவிடலாம். நிலத்தில் வைத்த எமது முதற் கன்று அப்படியான ஒரு கிழமையில் கறுத்துச் செத்தது.

வந்த மறுநாளே அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். வழியெல்லாம் அவர் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு மரங்களை எண்ணிக்கொண்டே வந்தார். நெடுஞ்சாலை நடுவே பூத்து நின்ற அலரியைக் கண்டு, "என்ன இவ்வளவு அலரி!" என்று வியந்தார். கலிபோர்ணியாவின் பெருந்தெருக்களில் வெள்ளையும் சிவப்புமாக நிற்பது அலரிதான். வறட்சியைத் தாங்குமென்று நட்டிருக்கிறார்கள். எமது ஊர் மஞ்சள் அலரியைப் போலவே இதுவும் இலை, பூ, தடி எல்லாம் நஞ்சு. எம்மவருக்கு அலரி என்றால் என்ன நினைவு வரும் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. சிறுபிள்ளைகளுக்கு மரத்தைக் காட்டிச் சொல்லிவைத்தால் போதும். காய்ந்த தடியையும் அடுப்பில் எரிக்கக்கூடாது.

கோயிலடிக்குக் கிட்டவாகத்தான் அது நடந்தது. "நிப்பாட்டு, நிப்பாட்டு! உது நொச்சியெல்லே?"

ஒரு வீட்டு மதிலோரம் ஊதாப்பூ அரும்பிய சிறு மரம். கைவிரல் விரித்தாற்போல் ஐந்தைந்து இலை. அம்மா இறங்கிப் போய் கீழே விழுந்து கிடந்த இலையொன்றைக் கசக்கி மணந்தார். எங்களுக்கு நொச்சி மணம்தான் வந்தது. அம்மா மட்டும் நெடுநேரம் மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "நொச்சி இல்லை. நொச்சியின்ர ஒண்டுவிட்ட தங்கச்சி."

பிறகு நூலகத்தில் படம் பார்த்தோம். அம்மா சொன்னது முற்றிலும் சரி. எமது நொச்சியின் அதே குலம், மத்தியதரைக்கடல் நாடுகளின் மரம், அழகுக்காக இங்கே பல தெருக்களில் நிற்கிறது. அதன் விதையைப் பெண்களின் நோய்களுக்கு மருந்தாக விற்கிறார்கள் என்றும், பால் கொடுக்கும் தாய்மார் வைத்தியரைக் கேளாமல் பாவிக்க வேண்டாம் என்றும் வாசித்தபோது அம்மா உடனே தீர்ப்புச் சொன்னார்: "உறவெண்டாலும் ஆளைத் தெரியாது. விடு." ஊரில் நூறு மரத்துக்குப் பெயர் சொல்லும் மனுசி, தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எங்களுக்கு அப்போது ஏமாற்றமாக இருந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு அதன் பெறுமதி விளங்கியது.

ஆனி மாதம் பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம். தாயின் தலைக்கும் உடம்புக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர் வார்க்கலாமா என்று வைத்தியசாலையில் கேட்டோம். ஊற்றிக் குளிக்கலாம், ஆனால் அடுத்த பரிசோதனை வரை தொட்டிக்குள் இருந்து ஊறவேண்டாம், கைக்குழந்தைக்கு வெறும் தண்ணீர் தவிர வேறொன்றும் வேண்டாம் என்றார்கள். அம்மாவுக்கு இது முழுச் சம்மதம். யூக்கலிப்டஸ் தைலம், கற்பூரம் ஆகியவற்றைப் பச்சைக்குழந்தைக்குப் பூசுவது ஆபத்து என்பதையும் அவர் விவாதமில்லாமல் ஏற்றுக்கொண்டார். அவருக்கு வேண்டியது தாய்க்கு வார்க்கும் தண்ணீர்.

ஆனால் இலை? எங்கள் வீட்டு வழக்கப்படி நொச்சி, பாவட்டை, ஆடாதோடை, வேப்பிலை, தேசியிலை ஆகியவை வேண்டும். இங்கே கையிலிருந்தது எலுமிச்சை இலை மட்டும்.

அப்போதுதான் எங்களில் சாமான் தூக்குகிறவர் வெற்றிவீரராக வீட்டுக்குள் வந்தார். கடைவளவொன்றின் வாகனத் தரிப்பிடத்தில் வேப்பமரம் கண்டாராம், நிலத்தைத் தொட்ட கொப்பிலிருந்து ஒரு கைப்பிடி ஒடித்து வந்திருந்தார். பார்த்தால் வேம்பேதான். சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கொப்பை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலடிக்குப் போனார்.

"இது மலைவேம்பு. இதையோ பிள்ளைப்பெத்தவளுக்கு வாக்கிறது?"

வித்தியாசத்தை அவர் காட்டித்தந்தபடியே எழுதுகிறோம், வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வேப்பிலையில் ஒரு நடு ஈர்க்கு, அதன் இரண்டு பக்கமும் சிற்றிலைகள், அவ்வளவுதான். மலைவேம்பில் அந்த ஈர்க்கிலிருந்து இன்னும் சிறு ஈர்க்குகள் கிளைத்து, அவற்றில்தான் சிற்றிலைகள் இருக்கும். வேப்பம்பூ வெள்ளை, மலைவேம்பின் பூ இளம் ஊதா. காய் கொத்துக் கொத்தாக, இலை உதிர்ந்த பிறகும் மஞ்சளாகத் தொங்கும். அந்தக் காய் பிள்ளைகளுக்கு நஞ்சு. கலிபோர்ணியாவின் வெப்பமான ஊர்களில் இம்மரம் பரவலாக நிற்கிறது. உறைபனி விழும் இடத்தில் உண்மையான வேம்பு வெளியே தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொன்று, தெருவோர மரங்களுக்கு என்ன மருந்து தெளித்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது. பிறர் வளவில் ஒடிப்பது மரியாதையுமில்லை. அன்றோடு வீட்டு வளவில் வளராத எதையும் சட்டிக்குள் போடுவதில்லை என்று முடிவெடுத்தோம்.

வழி காட்டியவர் அயல்வீட்டு அம்மையார், மெக்சிக்கோவிலிருந்து வந்தவர். அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம், அவருக்கும் கொஞ்சம். வேலிக்கு மேலால் இருவரும் இலைகளைக் காட்டிக் கதைப்பார்கள். தண்ணீர் வார்க்கும் விடயத்தை அம்மா கையால் நடித்துக் காட்டியதும் அவர் ஓடிப்போய் ஒரு கட்டு றோஸ்மேரி வெட்டிக்கொண்டு வந்து தந்தார். அவர்கள் மொழியில் அதற்கு ரொமெரோ என்று பெயர். மெக்சிக்கோவில் பிள்ளை பெற்ற தாய் நாற்பது நாள் ஓய்விலிருக்கும் வழக்கம் உண்டு, இலை அவித்த நீரில் குளிக்கவைப்பதும் உண்டு, அதில் ரொமெரோ முக்கியம். எங்களுக்கு முப்பத்தொன்று, அவர்களுக்கு நாற்பது! அம்மாவுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அவர் மகளுக்கும் தன் கையாலேயே வார்த்ததாக அம்மையார் நெஞ்சில் கைவைத்துச் சொன்னபின்தான் அம்மா அந்தக் கட்டை ஏற்றுக்கொண்டார்.

அவர் வீட்டுச் சாடியொன்றில் தடித்த, மயிர் படர்ந்த இலையோடு நின்றது எங்கள் கற்பூரவள்ளி! அவர்கள் அதையும் ஒரு வகை ஒரேகனோ என்கிறார்கள். இங்குள்ள கடைகளில் கியூபன் ஒரேகனோ என்று கேட்டால் கிடைக்கும். ஒரு தண்டை முறித்து ஈரமண்ணில் ஊன்றினால் சில கிழமையில் வேர் பிடித்துவிடும். வாடகை வீட்டுக்காரருக்கு இதைவிட ஏற்ற செடி இல்லை, போகும்போது சாடியோடு தூக்கிக்கொண்டு போகலாம்.

முதல் தண்ணீர் வார்த்த நாள் வெளியே 100 பாகைக்கு மேல் வெயில். லிவர்மோர் வெயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம், 2022 செப்டெம்பரில் 116 வரை ஏறிய ஊர் இது. அந்த வெக்கையில் இலை அவித்தோம். றோஸ்மேரி நாலு கொத்து, எலுமிச்சை இலை இருபது, கற்பூரவள்ளி ஒரு கைப்பிடி, மஞ்சள் ஒரு சிறு துண்டு. பெரிய சட்டியில் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, பழைய வேட்டித்துணியில் வடித்து, குளிர்ந்த நீர் கலந்து, முழங்கையால் சூடு பார்த்து வார்த்தார். கொதிச்சட்டியைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். குசினியிலேயே ஆறவிட்டுச் சிறு வாளியில் கொண்டுபோங்கள். வடிக்காமல் ஊற்றினால் இலை தண்ணீர்க் குழாயை அடைக்கும். மஞ்சள் தொட்டியில் பிடித்தால் வீட்டுச் சொந்தக்காரர் முற்பணத்தில் கழிப்பார். முன்பிருந்த ஊரில் எமக்கு அப்படி நடந்து தொலைந்தது. உடனுக்குடன் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

அம்மா தலையிலிருந்து தொடங்கினார். தோள், முதுகு, இடுப்பு. இடுப்புக்கு வந்ததும் நின்று நின்று வார்த்தார். ஒன்றும் கதைக்கவில்லை. வாளி முடிந்ததும், "இன்னொண்டு கொண்டு வா" என்றார். அதுவும் முடிந்தது. "இன்னும் இருக்கோ?" என்று கேட்டார். பதினான்கு வயது மூத்த மகள் குசினிக்கும் குளியலறைக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். தான் பிறந்தபோது இது நடக்கவில்லை என்பது அவளுக்கு அப்போது தெரியாது. மாலையில் அம்மாதான் அவளைப் பக்கத்தில் இருத்தி, பால்மா ரின் கதையை முதன்முறையாகச் சொன்னார். நாம் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

வேலிக்கு மேலால் வந்த றோஸ்மேரிக் கட்டில் மிச்சம் இருந்தது. வாட விடக்கூடாது என்று அயல் அம்மையார் மறுநாள் வந்து பாண் சுடக் காட்டித்தந்தார். எமது வீட்டுப் போறணை அதுவரை சட்டி பானை அடுக்கும் அலுமாரியாகவே இருந்தது. புதிதாக வந்த எம்மவர் வீடுகள் பலவற்றில் இன்றும் அதுதான் நிலைமை என்று நினைக்கிறோம். அன்றும் உள்ளே ஒரு சட்டி இருப்பதை மறந்து சூடேற்றி, அதன் பிளாஸ்ரிக் கைபிடி உருகி, வீடெல்லாம் புகை. புகை மணி அலறி, கைக்குழந்தை அலறி, அம்மா கதவைத் திறந்து விசிறி, ஒருவாறு அடங்கியது.

கோதுமை மா 500 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 350 மில்லிலீற்றர், ஒரு பைக்கற் ஈஸ்ற் அதாவது 7 கிராம், உப்பு இரண்டு தேக்கரண்டி, ஒலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, பொடியாக அரிந்த றோஸ்மேரி ஒரு மேசைக்கரண்டி. குழைத்து மூடி வைத்தால் குளிர்காலத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், இவ்வூர்க் கோடையில் ஒரு மணிக்குள் பொங்கிவிடும். 425 பாகையில் முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம். தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டும் சத்தம் கேட்க வேண்டும். கோடையில் விடியப்புறம் சுட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வீடு முழுவதும் போறணையாகிவிடும்.

அம்மா முதல் துண்டை மென்று பார்த்து, "மணம் நல்லா இருக்கு, ஆனா இது எங்கட பாண் இல்லை" என்றார். கடைப் பாண் பஞ்சு, இது பலகை என்பது அவரது கருத்து. அடுத்த கிழமை றோஸ்மேரியைக் குறைத்து, கற்பூரவள்ளி இலை ஆறேழு அரிந்து சாற்றைப் பிழிந்துவிட்டு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், பெருஞ்சீரகம் சேர்த்து வதக்கி மாவுக்குள் வைத்து உருட்டிப் பணிஸாகச் சுட்டார். அயல்வீட்டுக்கு எட்டு அனுப்பினோம். தட்டு வெறுமையாகத் திரும்பி வரவில்லை, லவண்டர்ப் பூத் தூவிய பிஸ்கற் வந்தது. லவண்டர் எங்களுக்குச் சவர்க்காரத்தைத் தின்பது போலிருந்ததைச் சொல்லாமல் விட்டோம். அதைத் துணிப்பையில் கட்டித் தொட்டித் தண்ணீரில் போட்டுக் குளிப்பதுதான் உத்தமம்.

செடி நாட்டும் விடயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். உரும்பிராயைப் போலவே இங்கும் மழை ஒரு பருவத்தில்தான், கார்த்திகையிலிருந்து பங்குனி வரை. கோடையில் சொட்டு மழையும் இராது. றோஸ்மேரி, லவண்டர், தைம் மூன்றுக்கும் அது பழக்கம். அவற்றைக் கொல்வது வறட்சியல்ல, களிமண்ணில் தேங்கும் மாரித் தண்ணீர். மண்ணை மேடாக்கி, சரளைக்கல் கலந்து, வெயில்படும் இடத்தில் நட்டால் போதும். துளசி இதற்கு எதிர். அதற்குக் கோடையில் நாள்தோறும் தண்ணீர் வேண்டும், முதல் உறைபனியில் போய்விடும், ஆகவே விதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அம்மா ஊரில் துலா மிதித்த காலத்துக் கதைகளைச் சொல்லியபடியே பாத்தி கட்டி, ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஐஸ்கிறீம் தடி ஊன்றித் தமிழில் பெயர் எழுதுவித்தார். எழுதியது மகள். "றோஸ்மேரி" என்பதற்குத் தமிழ் கேட்டாள். அம்மா யோசித்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரி தந்த இலை எண்டு எழுது" என்றார். அந்தத் தடி இன்னும் நிற்கிறது.

ஆறு மாதம் முடிந்து கார்த்திகையில் அம்மா திரும்பிப் போனார். போகுமுன் சாடிகளை உள்ளே வைக்கும் ஒழுங்கை இரண்டுமுறை சொல்லிக்கொடுத்தார்.

2024 சித்திரையில் குரோதி வருடம் பிறந்தபோது மருத்துநீர் காய்ச்ச வேண்டும் என்று மகள்தான் தொடங்கினாள். ஊரில் கோயிலில் காய்ச்சித் தருவார்கள். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, விஷ்ணுகிராந்தி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு, பால் என்று பட்டியல் நீளும். லிவர்மோரில் மாதுளை நன்றாக வளரும், ஆயினும் சித்திரைப் பிறப்புக்கு இளந்துளிர்தான், பூ பிந்தித்தான் வரும். துளசி ஜன்னலோரச் சாடியில் நாலு இலையோடு நின்றது. மஞ்சள், மிளகு, சுக்கு, பால் கையிலுண்டு. தாழம்பூவுக்கும் வில்வத்துக்கும் பதிலாக எதைப் போடலாம் என்று தொலைபேசியில் கேட்டோம்.

"பதிலுக்கு ஒண்டும் போடாதேங்கோ. இல்லாதது இல்லை. இருக்கிறதைக் காய்ச்சுங்கோ" என்றார் அம்மா. பிறகு, "அறுகு இருக்குமே?" என்று கேட்டார்.

அறுகு! இங்கே அதற்குப் பெர்முடா புல் என்று பெயர். புல்தரையில் வேரோடிப் பரவுகிறதென்று சனம் காசு கொடுத்து மருந்தடித்துக் கொல்லும் புல். நாமும் எமது பாத்தியிலிருந்து பிடுங்கி எறிந்துகொண்டிருந்தது அதைத்தான். ஒரு நுனிகூட மிஞ்சவில்லை. மகள் ஒரு சிறு கத்தியும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு அயல்வீட்டுக்குப் போய், மருந்தடிக்காத புல் கொஞ்சம் வெட்டலாமா என்று கேட்டாள். அம்மையாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்து, பெரிய மண்வெட்டியைக் கொண்டுவந்து கொடுத்து, முழுப் புல்லையும் வேரோடு கொண்டுபோகச் சொன்னார்.